பால்சோற்றிலிருந்து பூனையைக் கறிக்கு மாற்றுவது எப்படி?

எங்கள் செவலைக்கு முதல் ஒரு வருஷம் பால்சோறுதான். ஆசையாக நக்கித் தின்னும், மறுநாள் மாடிப்படிக்குக் கீழே கழிச்சல். பூச்சி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. பாலை நிறுத்தினேன், நின்றுவிட்டது. குட்டிப் பருவம் தாண்டினால், பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடுகிறது.

சோறு? பூனை மீன் தின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தலையை ஒருபக்கம் சாய்த்து, கடைவாய்ப் பல்லால் நறுக்கென்று வெட்டி, துண்டாகவே விழுங்கும். அரைக்காது, தாடை பக்கவாட்டில் அசையாது. மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் எச்சிலில் இல்லை என்றே சொல்லலாம், கணையத்திலும் குறைவு. குடல் உடம்பைப் போல 4 மடங்கு நீளம்தான். நாய்க்கு 6 மடங்கு. குழைந்த சோறு ஓரளவு செரிக்கத்தான் செய்யும். ஆனால் அதிலேயே வயிறு நிரம்பினால் கறி உள்ளே போகாது.

கறி போகாவிட்டால் டாரின் கிடைக்காது. இந்தச் சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தயாரிப்பதில்லை. மாதக்கணக்கில் குறைந்தால் கண் பார்வை மங்கும், இதயத் தசை தளரும். கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுக்கவும் அதற்குத் தெரியாது.

நான் செய்வது இது. கறிக்கடையில் கோழித் தொடையும் கொஞ்சம் இதயமும் வாங்குவேன். நெஞ்சுக்கறியைவிட இவற்றில் டாரின் அதிகம். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைப்பேன். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, இரத்தச் சிவப்பணுவை உடைத்துவிடும். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்! டாரின் அதில் இறங்கியிருக்கும், கறியோடு ஊற்றுங்கள். பூனைக்குத் தாகம் குறைவு என்பதால் அந்தத் தண்ணீரும் உடம்புக்கு நல்லது. மத்தி, நெத்திலியைப் பச்சையாகப் போடாமல் வேகவைத்துப் போடுங்கள். பச்சை மீனிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும். ஈரல் எப்போதாவது ஒரு துண்டு போதும்.

வெறும் கறியில் கால்சியம் பற்றாது. எலி பிடிக்கும் பூனை எலும்போடு தின்கிறது. அதற்காக வெந்த கோழி எலும்பைப் போட்டுவிடாதீர்கள், சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். அதனால் முக்கால்வாசி பூனைகளுக்கென்றே விற்கும் முழுமையான பாக்கெட் உணவு, மீதி கறி என்று வைக்கிறேன். ஒரே வேளையில் குவிக்காமல் நாலைந்து தடவையாகப் பிரித்து வையுங்கள்.

மாற்றத்துக்குப் பத்து நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் சோற்றில் ஒரு ஸ்பூன் கறி, அப்புறம் தினமும் சோற்றைக் குறைத்துக் கறியையும் பாக்கெட் உணவையும் கூட்டுங்கள். அடம்பிடித்தால், பசித்தால் தானே தின்னும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். பூனை பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனை என்றால், உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லையென்றால் பழைய சோற்றையாவது கொடுங்கள். அதையும் மறுத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.