இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நடை

வேலை நிமித்தம் பெரிய ஊர்களுக்குத் தனியாகப் போக ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கணக்குத் தணிக்கை வேலை. மூன்று நாள் வேலை என்றால் இரண்டு நாள் விடுப்பையும் சேர்த்துக்கொள்வேன். ஆரம்பத்தில், பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மெட்ரோவில் போய் இறங்கி, பார்த்துவிட்டு, மறுபடி மெட்ரோவில் ஏறி அறைக்குத் திரும்புவேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. தரைக்கு அடியில் நுழைந்து வேறொரு இடத்தில் வெளியே வந்தால், நடுவில் இருக்கிற ஊர் கண்ணில் படவே படாது. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். போகும்போது வண்டி, திரும்பும்போது நடை. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே இருக்கிற தூரத்தைக் காலால் கடந்துவிட வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் தூரம் எங்கேயும் போவதில்லை. பக்கத்து ஸ்டேஷனை நன்றாகப் பழகிக்கொள்வதுதான் அன்றைக்கு வேலை. எத்தனை வாசல், எந்த வாசலில் வந்தால் பெரிய ரோட்டைக் கடக்க வேண்டாம், எதைச் சீக்கிரம் பூட்டுகிறார்கள், எதன் எதிரே விளக்கும் ஆள் நடமாட்டமும் இருக்கிறது என்று சுற்றிப் பார்ப்பேன். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் 200க்கும் மேல் வாசல்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் தப்பான வாசலில் ஏறிவிட்டால் அரை மணி நேரம் போய்விடும். அதனால் வெளியே வந்ததும் திரும்பி நின்று, வாசலின் எண்ணோ எழுத்தோ தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. அப்புறம் அறைக்கு ஒரு வழி, மறுபடி ஸ்டேஷனுக்கு வேறு வழி என்று இரண்டு மூன்று தடவை நடப்பது. அதில் ஒன்றாவது விளக்கு போட்ட பிறகு இருக்க வேண்டும். பகலில் பழகின தெரு, கடை அடைத்த பிறகு அடையாளம் தெரியாமல் போய்விடும். நாளைக்கு ராத்திரி களைத்துத் திரும்பும்போது இந்தக் கொஞ்ச தூரத்தை யோசிக்காமல் நடக்க முடிய வேண்டும்.

அறைக்கு வந்ததும் மெட்ரோ மேப்பையும் உண்மையான ஊர் மேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். மெட்ரோ மேப் தூரத்தைக் காட்டாது. லண்டன் சுரங்க ரயிலுக்காக ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931ல் வரைந்து, 1933ல் வெளியான படம்தான் இன்றைக்குப் பல ஊர் மெட்ரோ மேப்புகளுக்கு முன்மாதிரி. நெளிந்து போகிற பாதைகளை நேர்க்கோடாகவும் சாய்கோடாகவும் ஆக்கி, நெரிசலான நடு ஊரைப் பெரிதாக்கி, புறநகரைச் சுருக்கினார். எங்கே ஏறி எங்கே மாறுவது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல படம் கிடையாது. நடக்கிறவருக்கு மட்டும் அது உதவாது. அதே லண்டனில் லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்குத் தண்டவாள தூரம் சுமார் 260 மீட்டர்தான். கீழே இறங்கி ரயிலுக்குக் காத்திருக்கிற நேரத்தில் நடந்தே போய்விடலாம். மெட்ரோ மேப்பில் வேறு வேறு நிறத்தில் எட்ட எட்ட இருக்கிற ஸ்டேஷன்கள் தரையில் அடுத்தடுத்த தெருவில் இருக்கும். அப்படிப்பட்ட ஜோடிகளைத் தேடிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நடக்க வேண்டியவை அவைதான். வைஃபை இருக்கும்போதே ஊர் மேப்பைப் போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

மறுநாள் காலையில் ஒரு முழுச் சுற்று சவாரி. பல ஊர்களில் வட்டமாகச் சுற்றி வருகிற லைன் ஒன்று இருக்கும். டோக்கியோவின் யமனோட்டே லைன் அப்படி ஒன்று: 30 ஸ்டேஷன், 34.5 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். தரைக்கு மேலே ஓடுவதால் ஊர் முழுக்க ஜன்னலில் தெரியும். எங்கே கூட்டம் மொத்தமாக இறங்குகிறது, எங்கே உயரக் கட்டிடங்கள் முடிந்து வீடுகள் ஆரம்பிக்கின்றன, எங்கே ஆறு குறுக்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே வரலாம். ஆபீஸ் கூட்டம் ஓய்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். வட்ட லைன் இல்லாத ஊரில், ஊரைக் குறுக்காக வெட்டிப் போகிற நீளமான பஸ் ரூட் ஒன்றில் கடைசி வரை போவேன். டிக்கெட் விஷயத்தில் ஒன்றே ஒன்று: நாள் முழுக்க ஏறி இறங்கப்போகிறோம் என்பதால் நாள் பாஸ் உண்டா, இல்லை ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கார்டைத் தொட்டு ஏறுகிற ஊரில் காலையில் எந்தக் கார்டோ அதையேதான் ராத்திரி வரை தொட வேண்டும். அதே வங்கிக் கணக்கு என்றாலும் கார்டையும் போனையும் மாற்றி மாற்றித் தொட்டால் லண்டன் மாதிரி ஊர்களில் இரண்டு ஆளாகக் கணக்கு வரும்.

எனக்கு மெட்ரோவைவிடப் பஸ் பிடிக்கும். வண்டிகள் இடது பக்கம் ஓடுகிற நாடு என்றால் இடது ஜன்னல், வலது பக்கம் ஓடுகிற நாடு என்றால் வலது ஜன்னல். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் நடைபாதை கைக்கெட்டும் தூரத்தில் வரும். கடைப் பலகை, தெருப் பெயர், வீட்டு எண் எல்லாம் படிக்கலாம். ஆனால் திரும்பி வருகிற பஸ் நேர் எதிரே நிற்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒருவழித் தெருவாக இருந்தால் திரும்புகிற நிறுத்தம் அடுத்த தெருவில் இருக்கும். இறங்கின உடனே அது எங்கே என்று பார்த்து வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சரி, நடைக்கு வருவோம். முதல் நடைக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். தடையில்லாமல் நடந்தால் மணிக்கு நாலரை, ஐந்து கிலோமீட்டர் போகலாம். ஊருக்குள் சிக்னலில் நின்று, வேடிக்கை பார்த்து நடந்தால் மூன்றுதான் வரும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கூட்டத்தோடு நடந்துவிடாமல் சுவர் ஓரமாக ஒரு நிமிஷம் நில்லுங்கள். போனில் இருக்கிற நீலப் புள்ளியை அந்த நிமிஷத்தில் நம்பக் கூடாது. உயரக் கட்டிடங்களில் பட்டுத் திரும்புகிற சிக்னலால் புள்ளி பக்கத்துத் தெருவில் நிற்கும். சூரியனைப் பாருங்கள். கடக ரேகைக்கு வடக்கே இருக்கிற எந்த ஊரிலும் உச்சி வெயில் தெற்கிலிருந்துதான் வரும். ஸ்டேஷன் வாசலில் மேப் பலகை இருந்தால் எது மேலே இருக்கிறது என்று கவனியுங்கள். லண்டன் தெருக்களில் நிற்கிற வழிகாட்டிப் பலகைகளில் வடக்கு மேலே இருக்காது, நாம் பார்க்கிற திசை மேலே இருக்கும். ஐந்து நிமிஷ நடைக்கு ஒரு வட்டமும் போட்டிருப்பார்கள். கதவு எண்களும் வழி சொல்லும். பாரிஸில் சேன் நதியிலிருந்து விலகிப் போகிற தெருக்களில் எண் நதிப் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். எண் குறைந்துகொண்டே வந்தால் நதியை நெருங்குகிறோம். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வடக்கு தெற்காக 20 குறுக்குத் தெரு தாண்டினால் ஏறக்குறைய ஒரு மைல்.

அப்படி ஒரு நடையில் எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். முந்தின நாள் ஒரு அருங்காட்சியகத்தை முன்வாசல் வழியாகப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். பெரிய தூண்கள், படிகள், வரிசையில் நிற்கிற ஜனம். மறுநாள் வேறொரு லைனில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். ரயில் பாலத்துக்கு அடியில் சைக்கிள் பழுது பார்க்கிற இடம், அடுத்து ஒரு கால்வாய், அதன் கரையில் சாயம் போன செங்கல் சுவர். சுவரில் துருப்பிடித்த இரும்பு ஏணி ஒன்று மூன்றாவது மாடி வரை ஏறிப்போனது. கீழே ஒரு சின்னக் கதவு, அதன் பக்கத்தில் நீல உடுப்பில் இரண்டு பேர் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். அந்த நீல உடுப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நின்றேன். முந்தின நாள் உள்ளே காவலுக்கு நின்றவர்களின் உடுப்பு அது. அருங்காட்சியகத்தின் முதுகுப் பக்கம் நிற்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. நாற்பது நிமிஷ மெட்ரோ, நடுவில் ஒரு மாற்றம் என்று நான் நினைத்திருந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இருபத்தைந்து நிமிஷ நடைதான். அந்த ஊர் இன்றைக்கும் எனக்கு அந்தச் சுவரிலிருந்துதான் விரிகிறது.

வழி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. 'ஆற்றுக்கு இப்படித்தானே போகணும்?' என்று கேட்காதீர்கள். முகம் கோணக் கூடாது என்று பாதிப் பேர் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். 'ஆறு எந்தப் பக்கம்?' என்று கேளுங்கள். தெரியாதவர் தெரியாது என்பார், தெரிந்தவர் கை காட்டுவார். நடந்து போகிறவரை நிறுத்துவதைவிட ஒரே இடத்தில் நிற்கிறவரைக் கேட்பது நல்லது: காவலாளி, கடைக்காரர், கடைசி நிறுத்தத்தில் ஓய்வெடுக்கிற டிரைவர். மொழி தெரியாத ஊரில், போக வேண்டிய இடத்தின் பெயரை அந்த ஊர் எழுத்திலேயே காட்டினால் பேச்சு இல்லாமலே வேலை முடிந்துவிடும்.

வழி தப்பினால் முன்னே போய்ச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எதுவோ அங்கே திரும்பி நடங்கள். அதுவும் முடியாவிட்டால் டிராம் தண்டவாளத்தையோ பஸ் போகிற ரோட்டையோ பிடித்துப் போனால் ஒரு நிறுத்தம் வந்தே தீரும். பிளாட்பாரத்தில் திசை குழம்பினால், நீங்கள் இறங்கப்போகிற ஸ்டேஷனைவிட லைனின் கடைசி ஸ்டேஷன் பெயர்தான் உதவும். பலகைகளில் பெரும்பாலும் அதைத்தான் போட்டிருப்பார்கள். மாஸ்கோ மெட்ரோவில் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். நடு ஊரை நோக்கிப் போகிற ரயிலில் ஆண் குரல் அறிவிக்கும், வெளியே போகிற ரயிலில் பெண் குரல்.

ராத்திரியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நியூயார்க் மாதிரி சில இடங்களைத் தவிர, மெட்ரோவை ராத்திரியில் நிறுத்திவிடுவார்கள். ஒரு ஊரில் என் லைனின் கடைசி ரயில் 12.10க்கு என்று பார்த்துவிட்டுத் தைரியமாக இருந்தேன். ஏறினேன், மாற வேண்டிய ஸ்டேஷனில் இறங்கினேன். அடுத்த லைனின் கடைசி ரயில் 11.50க்கே போய்விட்டிருந்தது. ஷட்டர் இறக்கிக்கொண்டிருந்த பெண் ஊழியர் ராத்திரி பஸ் எண்ணை என் கையில் எழுதிக் கொடுத்து, நிறுத்தம் வரை கூடவே வந்தார். அன்றிலிருந்து கடைசியாக மாறுகிற லைனின் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறேன். ராத்திரி பஸ் எண்ணையும் முன்னாடியே குறித்துக்கொள்கிறேன். லண்டனில் அவற்றில் பலவற்றின் எண்ணுக்கு முன்னால் 'N' என்ற ஆங்கில எழுத்து இருக்கும்.

தங்குமிடத்தின் முகவரி, போனில் மட்டும் இல்லாமல் காகிதத்திலும் இருக்கட்டும். காலையில் கிளம்பும்போது எந்தப் பக்கம் போகிறேன் என்று தங்கைக்கு ஒரு வரி அனுப்புவேன், திரும்பியதும் இன்னொரு வரி. நடக்கும்போது காதில் எதுவும் மாட்டுவதில்லை. மேப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது கடைக்குள் நுழைந்து பார்ப்பேன். பெண்களும் குழந்தைகளும் நடமாடுகிற தெருவில் நானும் நடப்பேன். ஒரு தெருவில் நுழைந்ததும் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் காரணம் தேட வேண்டாம், திரும்பிவிடுங்கள். ஐரோப்பிய நாடுகளிலும் இந்தியாவிலும் அவசர எண் 112. வேறு நாடு என்றால் அந்த எண்ணைப் போவதற்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

பழகின செருப்பு அல்லது ஷூ, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க். புது ஷூ வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கால் வலிக்கிறதோ இல்லையோ, உட்கார்ந்துவிடுங்கள். கழிவறைக்கு நூலகம், அருங்காட்சியகம், பெரிய ரயில் நிலையம் என்று கண்ணில் படுகிற இடத்திலேயே போய்விடுவது நல்லது.

ராத்திரி அறைக்கு வந்து ஒரு சின்ன நோட்டில் மேப் பார்க்காமல் அன்றைய ஊரை வரைவேன். ஸ்டேஷன்கள் புள்ளி. வண்டியில் போனது புள்ளிக்கோடு, நடந்தது முழுக்கோடு. முதல் நாள் பக்கத்தில் புள்ளிக்கோடுகள்தான் இருக்கும். இரண்டாம் நாள் முழுக்கோடு ஒன்று, மூன்றாம் நாள் இரண்டு கோடுகள் ஓரிடத்தில் சந்திக்கும். அந்தச் சந்திப்பில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை எழுதுவேன்: ஏணிச் சுவர், கால்வாய்ப் படி, மணி நின்றுபோன கடிகாரம். எழுதி முடித்ததும், பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் இன்னும் கோடு விழாத இரண்டு புள்ளிகளைத் தேடுவேன். மறுநாள் காலை முதல் ரயிலில் அதில் ஒன்றில் இறங்கிவிடுவேன்.