வன்னி வீட்டுக்கு ஒரு கைமுடிச்சுக் கம்பளம்: முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். வன்னியில் எல்லாரும் வெயிலைப் பற்றித்தான் கதைப்பது, ஆனால் மார்கழிக் கடைசியில் விடியப்புறம் ரைல்ஸ் பதித்த ஹோலில் வெறுங்காலை வைத்தவர்களுக்கு அந்தப் பழமொழி உடனே விளங்கும். சாணம் மெழுகிய நிலம் இப்படிக் குளிர்ந்ததில்லை. இப்போது வீட்டுத்திட்ட வீடு என்றாலும் வெளிநாட்டுக் காசில் எழும்பிய மாடிவீடு என்றாலும் எல்லா இடமும் பளபளவென்று ரைல்ஸ்தான், காலும் குளிரும், கதைத்தால் குரல் சுவரில் பட்டுத் திரும்பியும் வரும். ஒரு நல்ல கம்பளிக் கம்பளம் இந்த இரண்டையும் சரிப்படுத்தும்.

எனக்கு இது பிடிபட ஒரு கம்பளத்தைப் பலி கொடுக்க வேண்டியிருந்தது. வளைகுடாவில் வேலை செய்த நேரம் ஒரு கடையில் "கையால் செய்தது" என்று சொல்லித் தந்ததை நம்பி, ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கி, பெட்டியில் போட்டுக் கிளிநொச்சிக்கு அனுப்பினேன். கையால் செய்தது என்பது பொய்யில்லை, அங்கேதான் சூட்சுமம். இரண்டாவது மாரி முடிய, பின்பக்கத்துப் பசை காய்ந்து உதிரத் தொடங்கியது. அம்மா காலையில் ஹோலைக் கூட்டும்போது மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "தம்பி, உன்ர காப்பெற் மா அரிக்குது." உண்மையாகவே அரிதட்டில் விழுந்த மா மாதிரித்தான் வெள்ளையாகக் கிடந்தது, ஒரு புளித்த ரப்பர் மணத்தோடு.

சரி, நீங்கள் அந்தப் பிழையைச் செய்யாமல் இருக்க, ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: பாயை விரித்து இடத்தை அளவெடுங்கள்

கடைக்குப் போக முதல் செய்ய வேண்டியது இது. வீட்டில் இருக்கிற ஓலைப்பாய்களை எடுத்து, கம்பளம் வரப்போகிற இடத்தில் நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சேர்த்து விரித்து, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். கதவு திறக்க இடிக்கிறதா, பிள்ளைகள் தடக்கி விழுகிறார்களா, செற்றியின் முன்கால்கள் அதன்மேல் ஏறுகின்றனவா என்று அதிலேயே தெரிந்துவிடும். செற்றிக்கு முன்னால் போடுவது என்றால் முன்கால்கள் இரண்டும் கம்பளத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது நடுக்கடலில் விட்ட தோணி மாதிரி இருக்கும். சுவருக்கும் கம்பளத்துக்கும் இடையில் ஓர் அடியாவது நிலம் தெரியட்டும். சாப்பாட்டு மேசைக்குக் கீழே போட வேண்டாம் என்பதுதான் என் கட்சி, ஏனென்றால் சொதியும் கம்பளியும் ஒத்துவராது. போட்டே தீருவேன் என்றால் கதிரையைப் பின்னுக்கு இழுத்தாலும் கால் விளிம்பைத் தாண்டாதபடி நாலு பக்கமும் இரண்டடி கூட இருக்க வேண்டும்.

550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டு ஹோலுக்கு 4×6 அடியே தாராளம். முதல் கம்பளத்தைப் பெரிதாக வாங்காதீர்கள். அந்தக் காசுக்குச் சின்னதாக, நல்லதாக ஒன்று வரும்.

படி 2: முதுகைப் பாருங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். கடைக்காரர் கம்பளத்தை விரித்து முகத்தைக் காட்டிக்கொண்டே இருப்பார், நீங்கள் ஒரு மூலையைப் பிடித்துத் திருப்புங்கள்.

பின்பக்கத்தில் துணி ஒட்டியிருந்தால் அது கைமுடிச்சு இல்லை. கையால் பிடித்து இயக்குகிற ஒரு துவக்கு போன்ற கருவியால் நூலை இழுத்துக் கட்டிய துணிக்குள் குத்திக் குத்தி ஏற்றி, நூல் கழன்று வராமல் பின்னால் ரப்பர் பசை பூசி, பசையை மறைக்க இன்னொரு துணி ஒட்டுவார்கள். "கையால் செய்தது" என்று எனக்கு விற்றது இதைத்தான். முடிச்சு என்று அதில் ஒன்றுமே கிடையாது. நம்முடைய ஈரக்காற்றுக்கு அந்தப் பசை எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்று அம்மாவைக் கேட்டால் சொல்லுவா.

உண்மையான கைமுடிச்சில் பாவு நூலை (நெடுக்கே ஓடுகிற நூல்) இழுத்துக் கட்டி, ஒவ்வொரு இரண்டு பாவு நூலையும் சுற்றிக் கம்பளி நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வெட்டி, ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை நூலை ஓட்டி, சீப்புப் போன்ற ஒன்றால் அடித்து இறுக்குவார்கள். பாய் இழைக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கச் சிரமமிருக்காது, பொறுமை ஒன்றுதான், பொருள்தான் வேறு. அதனால் முகத்தில் இருக்கிற பூவும் கொடியும் முதுகிலும் அதே தெளிவோடு தெரியும். முடிச்சுகள் ஒன்றுக்கொன்று சற்றே கோணலாக, சில பருத்து, சில மெலிந்து இருக்கும். எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே சீராக இருந்தால் அது மெஷின்.

அடுத்தது குஞ்சம். கைமுடிச்சில் இரண்டு முனையிலும் தொங்குகிற குஞ்சம் அந்தப் பாவு நூலின் மிச்சம்தான், கம்பளத்தின் எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. தனியே தைத்து ஒட்டியிருந்தால் தையல் தெரியும், அப்போது சந்தேகப்படுங்கள். பழைய கம்பளங்களில் தேய்ந்த குஞ்சத்துக்குப் பதிலாகப் புதிது தைப்பதும் உண்டு, ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

படி 3: முடிச்சு எண்ணுங்கள்

அளவு நாடாவை முதுகில் வைத்து, குறுக்கே ஓர் அங்குலத்தில் எத்தனை முடிச்சு, நெடுக்கே ஓர் அங்குலத்தில் எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள். கண் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரே நிறத்தில் இரண்டு புள்ளி எப்போதும் சோடியாகவே வருகிறது என்றால் அந்தச் சோடி ஒரு முடிச்சு, இரண்டாக எண்ணிவிடாதீர்கள்.

குறுக்கே 10, நெடுக்கே 12 என்று வைப்போம். சதுர அங்குலத்துக்கு 120. 4×6 அடிக் கம்பளம் என்பது 3,456 சதுர அங்குலம், ஆக 414,720 முடிச்சு. ஒரு நாளைக்கு எண்ணாயிரம் முடிச்சுப் போடுகிற கை என்று வைத்தாலும் ஒரு ஆளுக்கு ஐம்பது நாளுக்கு மேல் வேலை. கடைக்காரர் சொல்லுகிற விலையை இந்த ஐம்பது நாளால் பிரித்துப் பாருங்கள். நம்பமுடியாத மலிவாக வந்தால் ஒன்று அது கைமுடிச்சு இல்லை, இல்லையென்றால் யாரோ வயிற்றில் அடிபட்டிருக்கிறார்கள். கம்பளத் தறிகளில் குழந்தைகள் வேலை செய்வதைத் தடுக்க இந்தியச் செயற்பாட்டாளர் கைலாஷ் சத்யார்த்தி 1994-இல் ரக்மார்க் என்ற முத்திரையைத் தொடக்கினார், அது பிறகு குட்வீவ் என்று பெயர் மாறியது. இந்தியா, நேபாளத்துக் கம்பளம் என்றால் அந்த இலக்கமிட்ட முத்திரை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

முடிச்சு கூடினால் கம்பளம் உசத்தி என்று மட்டும் நினைக்காதீர்கள். நுணுக்கமான கொடியும் பூவும் வரையத்தான் அத்தனை முடிச்சு தேவை. லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிற அர்தபில் என்ற ஈரானியக் கம்பளத்தில், 1539-40-ஐச் சேர்ந்தது, சுமார் 26 மில்லியன் முடிச்சு இருக்கிறதாம். அதை நாங்கள் ஹோலில் விரிக்கப் போவதில்லை. ஈரானின் காப்பே, ஆப்கன் பக்கத்துப் பலூச் போன்ற கம்பளங்களில் முடிச்சு குறைவு, ஆனால் கம்பளி நல்லதென்றால் நன்றாக உழைக்கும்.

படி 4: கம்பளியா, பிளாஸ்டிக்கா?

ஓரத்தில் ஒரு துளி இழையை நுள்ளி எடுத்து (கடைக்காரரைக் கேட்டுவிட்டு) வெளியே கொண்டுபோய் லைற்றரில் பிடியுங்கள். தலைமயிர் கருகின மணம் வந்து, சாம்பல் விரலில் நசிந்து போனால் கம்பளி. உருகிக் கறுத்த மணியாகிக் கட்டிப்பட்டால் பிளாஸ்டிக். கடதாசி எரிகிற மணம் வந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ்.

மரக்கூழில் இருந்து செய்கிற இந்த விஸ்கோஸ் நூல்தான் பெரிய கள்ளன். "மூங்கில் பட்டு", "ஆர்ட் சில்க்" என்று அழகான பெயர்களில் வரும். கண்ணைப் பறிக்கிற மினுக்கம், ஆனால் தண்ணீர் பட்டால் நூல் பலம் இழந்து, காய்ந்ததும் மஞ்சளடித்து விறைத்துவிடும். பிளேன்ரி குடிக்கிற வீட்டுக்கு அது சரிவராது. அசல் பட்டும் வேண்டாம், அது சுவரில் தொங்கவிடுகிற சாமான்.

படி 5: வெள்ளைத் துணியும் சாயமும்

ஒரு வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கடுஞ்சிவப்பும் கருநீலமும் இருக்கிற இடத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் விட்டுவிட்டு வாருங்கள். பிறகு மயிரை, அதாவது முகத்தில் நிமிர்ந்து நிற்கிற இழையை, இரண்டு விரலால் பிரித்து அடியைப் பாருங்கள், நுனியில் ஒரு நிறம் அடியில் வேறு நிறம் என்றால் பழசு போலக் காட்ட வெளுக்க வைத்திருக்கலாம், வெயிலில் மங்கியும் இருக்கலாம், எப்படியோ விலையைக் குறைக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ஒரு நிறத்துக்குள்ளேயே பட்டை பட்டையாகச் சாயம் கூடிக் குறைந்து வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு தொகுதி நூல் முடிந்து அடுத்த தொகுதி தோய்த்ததன் அடையாளம் அது, அப்ராஷ் என்பார்கள். எனக்கு அது இல்லாத கம்பளம் சப்பென்று இருக்கும்.

அந்தப் பழைய கம்பளச் சிவப்பு பெரும்பாலும் மாடர் என்ற செடியின் வேரிலிருந்து வருவது. நம் பக்கத்தில் அதே வேலையைச் செய்தது சாயவேர். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் அதைக் கிண்டியெடுத்துத் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள், இரண்டு வேரிலும் நிறம் தருவது அலிசரின் என்ற ஒரே பொருள்தான். ஈரானியச் சிவப்பைப் பார்த்ததும் ஏதோ தெரிந்த முகம் போல இருக்கிறதே என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுதான் காரணம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

படி 6: ஊர்ப்பெயரில் மயங்காதீர்கள்

காஷான், இஸ்பஹான், தப்ரீஸ் எல்லாம் ஈரானின் ஊர்கள், ஆனால் கடையில் அவை பல நேரம் டிசைனின் பெயர் மட்டுமே. "காஷான் டிசைனா, காஷானில் நெய்ததா?" என்று நேரே கேளுங்கள். புகாரா இன்னும் வேடிக்கை. அது உஸ்பெகிஸ்தானில் ஒரு நகரம், துருக்மேன் கம்பளங்கள் அந்தச் சந்தை வழியாக வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, இன்று அந்தப் பெயரில் விற்பதில் நிறைய பாகிஸ்தானில் நெய்தவை. காஷ்மீர்க்காரர் தாலிம் என்ற குறியீட்டு எழுத்தில் டிசைனை எழுதிவைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் முடிச்சுப் போடுவார்கள். அழகுதான், ஆனால் மெல்லிய மயிர், புழுதிக் காலோடு ஓடுகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

என் தெரிவு ஆப்கன் அல்லது பலூச். கடும் சிவப்பு, இடைக்கிடை கருநீலம். ஏ9 வீதியில் இருந்து உள்ளே இறங்கினால் செம்மண், அந்தச் செம்புழுதி இந்தச் சிவப்பில் தெரியவே தெரியாது. வெளிர் கிறீம் நிறத்தில் வாங்கிய என் மாமி இப்போது அதற்குமேல் பெட்சீற் விரித்து வைத்திருக்கிறா. மயிர் இல்லாத தட்டை நெசவும் உண்டு, கிலிம் என்று பெயர், பவானி ஜமக்காளத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வையுங்கள், விலையும் குறைவு.

இரண்டு விசயம் கவனம். டிசைனில் ஒரு பக்கம் மட்டும் வளைவு வைத்த சின்னக் கம்பளங்கள் தொழுகைக்காக நெய்தவை. அதில் கஃபாவோ பள்ளிவாசலோ இருந்தால் காலடியில் போடாதீர்கள், வீட்டுக்கு வருகிற முஸ்லிம் நண்பருக்கு மனம் நோகும். மற்றது, 1979-இல் சோவியத் படை உள்ளே வந்த பிறகு ஆப்கானிஸ்தானில் ராங்கி, ஹெலிகொப்டர், துவக்கு எல்லாம் வைத்து நெய்யத் தொடங்கினார்கள், சேகரிக்கிறவர்கள் தேடி வாங்குவார்கள். படத்தை அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேண்டாம், நிலத்தில படுத்துக்கொண்டு உதைப் பாத்தது காணும்" என்றா.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

ரைல்ஸில் நேரே போட்டால் வழுக்கும், வயதானவர்கள் இருக்கிற வீட்டில் ஆபத்து, ஆகவே கீழே ஒரு ரப்பர் வலை போடுங்கள். ஈர்க்குமாறால் கூட்டாதீர்கள், இழையைக் கிளப்பும். மெல்லிய தும்புத்தடியால் மயிர் சாய்கிற பக்கமாகக் கூட்டினால் போதும். எது சாய்கிற பக்கம் என்று தெரிய உள்ளங்கையால் தடவுங்கள், பூனையின் முதுகு மாதிரி ஒரு பக்கம் வழுவழுப்பு, மற்றப் பக்கம் எதிர்ப்பு. தேநீர் சிந்தினால் உடனே வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஆறு மாதத்துக்கொருக்கால் திசையை மாற்றிப் போடுங்கள்.

மாரிதான் நிஜமான எதிரி. சைபீரியாவின் அல்தாய் மலையில் 1949-இல் கிண்டியெடுத்த பசிரிக் கம்பளம் இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் பனிக்கட்டிக்குள் கிடந்து தப்பியது. வன்னியின் மாரியில் ஈர நிலத்தில் இரண்டு வருடம் விட்டால் பாவு நூல் உளுத்துவிடும். பழைய கம்பளம் வாங்கும்போது மடித்துப் பார்த்தால் சடசடவென்று முறிகிற சத்தம் வந்தால் அது இப்படிப் போனதுதான். வெள்ளம் வரும் போல இருந்தால் மடிக்காமல் சுருட்டி, பழைய பருத்திச் சேலையால் சுற்றி, மேலே ஏற்றிவிடுங்கள். பொலித்தீன் வேண்டாம், உள்ளே வேர்க்கும். கம்பளியைத் தின்கிற அந்துப்பூச்சி இருட்டையும் அமைதியையும்தான் தேடும், ஆகவே சுருட்டி வைத்ததை மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறுங்கள், முதுகுப் பக்கம் கொஞ்சம் வெயில் காட்டுங்கள், திரும்பச் சுருட்டுங்கள்.

இப்போது எங்கள் ஹோலில் கிடப்பது 3×5 அடிப் பலூச் ஒன்று, கொழும்பில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் முழங்காலில் இருந்து முடிச்சு எண்ணி வாங்கினது, சதுர அங்குலத்துக்கு எண்பதுதான். காப்பெற்றை வெறுத்த அம்மா விடியற்காலையில் அதன்மேல் இருந்துதான் மரக்கறி வெட்டுகிறா. நான் ஒன்றும் சொல்வதில்லை.