லாரி ஸ்ட்ரைக் வந்தால் என்ன செய்வது? மதுரைப் பக்கத்துப் புது வியாபாரிகளுக்கு ஒரு செய்முறை

கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்தக் கடை, கப்பலூர் சிட்கோவில் சின்னதாக ஒரு பட்டறை, மாட்டுத்தாவணியில் காய்கறி மண்டி. தொழில் எதுவானாலும் சரக்கு வருவதும் போவதும் லாரியில்தான். இருந்தும் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் ஜிஎஸ்டிக்கு ஆள் வைக்கிறார்கள், போர்டுக்கு டிசைனர் வைக்கிறார்கள், லாரி நின்றால் என்ன செய்வோம் என்பதை மட்டும் ஸ்ட்ரைக் அன்றைக்குத்தான் யோசிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

படி 1: எந்த ஸ்ட்ரைக் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

லாரி உரிமையாளர்கள் நடத்தும் ஸ்ட்ரைக் வேறு, ஓட்டுநர்கள் நடத்துவது வேறு. 2018 ஜூலை 20இல் அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸ் என்ற லாரி உரிமையாளர் கூட்டமைப்பு தொடங்கியது உரிமையாளர் ஸ்ட்ரைக். டீசல் விலை, சுங்கக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் ஆகியவைதான் பிரச்சினை. எட்டு நாள் ஓடியது. இப்படிப்பட்டவற்றுக்கு முன்கூட்டியே தேதி சொல்லிவிடுவார்கள், தயாராக நேரம் கிடைக்கும்.

2024 ஜனவரி 1 அன்று வடமாநிலங்களில் வெடித்தது ஓட்டுநர்களுடைய கோபம். கவனக்குறைவாக ஓட்டி ஒருவர் இறந்து, போலீஸுக்குத் தகவல் சொல்லாமல் ஓடிப்போனால் பத்து ஆண்டு வரை சிறை என்று புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு சொன்னதுதான் காரணம். பெட்ரோல் பங்குகளில் கூட்டம் அலைமோதியது. அதே மோட்டார் காங்கிரஸோடு பேசிய பிறகே அந்தப் பிரிவை அமல்படுத்துவோம் என்று மறுநாள் இரவு மத்திய அரசு சொன்ன பிறகுதான் அடங்கியது. இந்த வகை சொல்லிக்கொண்டு வராது.

மூன்றாவது வகை செய்தியில் வராது. உங்கள் வாசலுக்கு வண்டி வர மாட்டேன் என்பதுதான் அது. புக்கிங் ஆபீஸில் உங்கள் கடைப் பெயரைச் சொன்னதும் "அங்கயா? வேற லோடு இருந்தா சொல்லுங்கண்ணே" என்று ஓட்டுநர் நகர்ந்துவிட்டால், ஊரே ஓடினாலும் உங்களுக்கு மட்டும் ஸ்ட்ரைக்தான். முதல் இரண்டுக்கும் தயாராகத்தான் முடியும். தடுக்க முடிவது இந்த மூன்றாவதை.

படி 2: வருவதை மோப்பம் பிடியுங்கள்

தமிழ்நாட்டுச் சுங்கச்சாவடிகளில் கட்டணம் ஏறுவது ஏப்ரல் 1 அல்லது செப்டம்பர் 1. காலண்டரில் இரண்டையும் வட்டம் போட்டு வையுங்கள். டீசல் மீதான மாநில வரி ஏறினாலும் கவனம் தேவை. கர்நாடகத்தில் டீசல் விலை ஏறியதையொட்டி 2025 ஏப்ரலில் அங்கே ஸ்ட்ரைக் நடந்தது. நம்மூரில் எல்லாம் ஓடினாலும், வழியில் ஒரு மாநிலம் நின்றால் வடக்கே இருந்து வரும் சரக்கு நிற்கும்.

செய்தித்தாளைவிட புக்கிங் ஆபீஸ் டீக்கடை வேகமானது. ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு வண்டி தர அட்வான்ஸ் வாங்கத் தயங்குகிறார்கள், நாமக்கல், சங்ககிரி வண்டிக்காரர்கள் ஊர்ப்பக்கம் போகிற லோடாகப் பார்த்துத் தேடுகிறார்கள் என்றால், விஷயம் இருக்கிறது.

படி 3: ஸ்டாக் கணக்கு

பயந்து வாங்கிக் குவிப்பது கணக்கு ஆகாது. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மகாராஷ்டிராவின் அகோலாவிலிருந்து துவரம் பருப்பு எடுக்கிறீர்கள், தினம் பத்து மூட்டை போகிறது. ஸ்ட்ரைக் எட்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 2018ஐ அளவாக எடுத்துக்கொள்ளலாம். முடிந்த பிறகு லோடு ஏறி வந்து சேர நான்கு நாள். எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி கேட்பதால் வண்டி கிடைக்க இன்னும் மூன்று நாள். கடைசி இரண்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆக பதினைந்து நாள், 150 மூட்டை. கிடங்கில் 60 இருந்தால் 90 வர வேண்டும். 20ஆம் தேதி ஸ்ட்ரைக் என்றால் அந்த 90 மூட்டையும் 15ஆம் தேதிக்குள் அகோலாவில் ஏறியிருக்க வேண்டும். 18ஆம் தேதி ஏற்றினால் பாதி வழியில் ஏதாவது ஒரு தாபாவில்தான் நிற்கும்.

எல்லாச் சரக்குக்கும் இப்படிப் போட வேண்டாம். எது இல்லாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவாரோ அதற்கு மட்டும் போடுங்கள். பருப்பு வகைகளுக்கு மத்திய அரசு 2023இலும் 2024இலும் இருப்பு வரம்பு போட்டது. வாங்கும் முன் அப்படி ஏதாவது அமலில் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பூவுக்கும் காய்க்கும் ஸ்டாக் கிடையாது. பால், மருந்து போன்றவற்றுக்கு விலக்கு என்று சங்கங்கள் வழக்கமாக அறிவிக்கும். உங்கள் சரக்கு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அறிவிப்பைப் படித்தே முடிவு செய்யுங்கள்.

படி 4: காகிதம்

வரியுள்ள சரக்கு ரோட்டில் மாட்டினால் முதல் தலைவலி இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்பது கணக்கு. குஜராத்திலிருந்து 2,000 கிலோமீட்டர் என்றால் பத்து நாள். நடுவில் எட்டு நாள் நின்றால் பில் செத்துவிடும். காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரைதான் நீட்டிக்க முடியும். நீட்டிக்க வேண்டியவர் அந்த நேரத்தில் சரக்கைக் கையில் வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட்காரர். அவர் ஸ்ட்ரைக்கில் ஊருக்குப் போய்விட்டால் யார் செய்வது என்பதை முன்பே பேசி, பில் எண்களையும் முடியும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி கல்லாவுக்கு மேலே ஒட்டுங்கள். சரக்கு வேறு வண்டிக்கு மாறினால் இ-வே பில்லின் பகுதி ‘பி’யில் வண்டி எண்ணை மாற்ற வேண்டும்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். உள்நாட்டுச் சரக்குப் பாலிசியில் வேலைநிறுத்தம், கலவரத்தால் வரும் சேதம் தானாக அடங்காது, அதற்கென்று தனியாக ஒரு ஷரத்து சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் கல்லெறியில் உடைந்ததற்குத்தான் பணம் வரும். தாமதத்தால் அழுகிய தக்காளிக்கு வராது.

படி 5: மாற்று வழி

மதுரை ஜங்ஷனில் ரயில் பார்சல், அரசு விரைவுப் பேருந்துகளில் பார்சல், கிட்டத்தில் ஒட்டன்சத்திரம், விருதுநகர் வரை என்றால் குட்டியானை, தோஸ்த் போன்ற சின்ன வண்டிகள். கூடல்நகர் கூட்ஸ் ஷெட்டில் முழு ரேக்காக, அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலாக வரும் சரக்கு சிறு வியாபாரிக்கு எட்டாது. ஆனால் அப்படி எடுக்கும் பெரிய வியாபாரியிடம் பங்கு கேட்டுப் பார்க்கலாம். இதையெல்லாம் ஸ்ட்ரைக் இல்லாத மாதத்தில் ஒரு தடவை அனுப்பிப் பழகி, கட்டணமும் நேரமும் தெரிந்து வைத்திருங்கள்.

கூடுதல் வாடகை கொடுத்து ஸ்ட்ரைக் நாளில் எவரையாவது ஓட்டச் சொல்லும் யோசனை வேண்டவே வேண்டாம். கல்லெறியில் வண்டிக் கண்ணாடி உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கண் போனால் என்ன செய்வீர்கள்?

படி 6: உங்கள் வாசலில் ஸ்ட்ரைக் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

2025 மார்ச் இறுதியில் நாமக்கல்லை மையமாகக் கொண்ட எல்பிஜி டேங்கர் உரிமையாளர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அவர்கள் கோபப்பட்டது அரசாங்கத்தின் மீது அல்ல. எண்ணெய் நிறுவனங்கள் போட்ட புதிய டெண்டர் நிபந்தனைகள் மீது. அதாவது வண்டியை வாடகைக்கு எடுப்பவர் எழுதிய காகிதத்தின் மீது. நீங்களும் அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள், அளவில் சின்னதாக.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று நேரம்: வந்தது, இறக்க ஆரம்பித்தது, கிளம்பியது. வந்த நேரத்தை ஓட்டுநரையே எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் உங்கள் இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும். காலை ஏழு மணிக்கு வந்த வண்டி, லோடுமேன் வராமல், மேனேஜர் சாப்பிட்டு வராமல், மாலை நான்கு மணிக்கு இறங்கியிருக்கும். அதற்குள் அந்த ஓட்டுநருக்கு அடுத்த லோடு போயிருக்கும். பல வண்டிகளில் அவருக்கு டிரிப் கணக்கில்தான் சம்பளம். உரிமையாளருக்கோ வண்டி நின்றாலும் தவணை நிற்காது. இத்தனை மணிக்குள் இறக்குவோம், தாண்டினால் இவ்வளவு ஹால்டிங் (காத்திருப்புக் கட்டணம்) என்று எழுதிக் கொடுங்கள். எழுதினால் உங்கள் ஆட்களே வேகமாகிவிடுவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்தது பேலன்ஸ், அதாவது தர வேண்டிய மீதி வாடகை. இறக்கிய கையோடு ஜிபேயில் போட்டுவிடுங்கள். "முதலாளி வரட்டும்" என்ற ஒரு வார்த்தைக்காகவே சில கடைகளுக்கு வண்டி போவதில்லை. டிரான்ஸ்போர்ட் நிறுவனம் சிறு தொழிலாகப் பதிவு செய்திருந்தால், 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் வட்டி உண்டு.

மூட்டை குறைந்தால் ஓட்டுநர் முன்னாலேயே எண்ணி, எல்.ஆரில் (லாரி ரசீதில்) எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் போன பிறகு போனில் "இரண்டு மூட்டை குறையுது, வாடகையில் பிடிச்சுட்டோம்" என்பதுதான் பெரும்பாலான சண்டைக்கு ஆரம்பம். இறக்குக்கூலி யார் தருவது என்பதும் புக்கிங் நேரத்திலேயே முடிவாக வேண்டும். மாத ஒப்பந்தம் என்றால் டீசல் இவ்வளவு ஏறினால் வாடகை இவ்வளவு ஏறும், இறங்கினால் இறங்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

ஓவர்லோடு கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் தனி. அந்த வழக்கு ஓட்டுநர் தலையில் விழும்போது உங்கள் மூட்டை அவருக்கு நினைவிருக்கும்.

கப்பலூர் வெயிலில் ஓட்டுநர்கள் காத்திருக்க ஒரு தகரக் கொட்டகை, குடிதண்ணீர், பூட்டாத கழிப்பறை. செலவு சொற்பம்.

சொந்த வண்டியும் ஓட்டுநரும் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வண்டியில் வையுங்கள்: 108, 112, பிறகு உங்கள் எண். வக்கீல் செலவும் ஜாமீனும் உங்கள் பொறுப்பு என்பதையும் அதில் சொல்லுங்கள். 2024இல் ரோட்டுக்கு வந்தவர்களின் பயமே, விபத்து நடந்தால் தனியாக மாட்டிக்கொள்வோம் என்பதுதான்.

படி 7: முடிந்த மறுநாள்

வாடகை ஏறித்தான் இருக்கும், இரண்டு நாள் பொறுத்தால் சில சரக்குக்கு இறங்கும். எல்லா வண்டியையும் ஒரே இரவில் வரச் சொன்னால் லோடுமேன் பற்றாமல் வீதியை அடைத்துக்கொண்டு நிற்கும். தீர்ந்துபோன சரக்குக்கு முதல் வண்டி, மற்றவை ஒரு நாள் விட்டு. நின்றுகிடந்த வண்டிகளுக்கு ஹால்டிங் எவ்வளவு என்பதை அது வாசலுக்கு வரும் முன்பே போனில் பேசி முடித்துவிடுங்கள்.