துண்டு வெட்டிய பிறகு: ஆயுர்வேத வாட்டில் தங்கி வைத்தியம் எடுத்து வீடு திரும்புகிறவர்களுக்கு

"நாளைக்குப் போகலாம்" என்று டொக்டர் சொன்னவுடன் பையைத் தூக்கிக் கட்டிலில் வைக்காதவர் இல்லை. அது ஆறுதலாக நடக்கட்டும். முதலில் வீட்டுக்கு ஒரு போன் கோல் எடுங்கள். யார் சமைப்பது, யார் கிணற்றில் தண்ணீர் அள்ளித் தருவது, கஷாய அடுப்பை யார் பார்ப்பது என்று கேளுங்கள். "நீங்க வாங்க, வந்த பிறகு பாப்பம்" என்று பதில் வந்தால், இன்னும் ஒரு நாள் வாட்டில் இருக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

நான் மட்டக்களப்பு–அக்கரைப்பற்று பஸ்ஸில் நடத்துநராக இருந்தவன். நின்று நின்றே நாரியை, அதாவது கீழ் முதுகை, கெடுத்துக்கொண்டதால் ஆயுர்வேத வாட்டு எனக்குப் பழகிய இடம். எண்ணெய், வேது, ஒத்தடம், பேதி எல்லாம் முடிந்து உடம்பு இளகி நிற்கிற நேரத்தில்தான் நம்மை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த உடம்போடு போய் வீட்டில் கண்டபடி நடந்தால் வாட்டில் கிடந்த நாளெல்லாம் தண்டம்.

கேட்டு வர வேண்டியவை

மறுபத்தியம் எத்தனை நாள் என்று கேளுங்கள். மருந்து சாப்பிட்ட நாளளவுக்கு, மருந்து நின்ற பிறகும் பத்தியம் காக்கச் சொல்லும் வைத்தியர்கள் உண்டு. கூட்டிச் சொல்பவர்களும் உண்டு. பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பத்தியம் முறிக்கும்போது எதை முதலில் சேர்ப்பது என்பதையும் கேட்டு, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஒரே நாளில் தயிர், முட்டை, இறால் என்று எல்லாவற்றையும் தொடங்கி வயிறு குழம்பினால், எதனால் குழம்பியது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுச் சேருங்கள்.

சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். கஞ்சியும் பத்தியச் சோறுமாகச் சாப்பாடு குறைந்திருக்கும்போது பழைய அளவில் சீனிக் குளிசை போட்டால், சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும். அப்போது பத்தியம் பார்க்காமல் சீனி போட்ட தேத்தண்ணி குடியுங்கள். அதற்காக நீங்களாகவே குளிசையை நிறுத்த வேண்டாம். சீனி பார்த்த இலக்கத்தோடு வழக்கமான கிளினிக்குக்குப் போய் அளவைக் கேளுங்கள். அரிஷ்டம் தந்திருந்தால் அதில் இனிப்பும் கொஞ்சம் மதுச்சத்தும் உண்டு; சீனிக்காரர்கள் வாயைத் திறந்து விசாரிக்க வேண்டும்.

மருந்துப் போத்தல்களில் பிளாஸ்டர் ஒட்டி "பூச", "குடிக்க" என்று எழுதுங்கள். தைலமும் அரிஷ்டமும் கறுப்பாக, ஒரே மாதிரிப் போத்தலில்தான் இருக்கும். இரவு கரண்ட் இல்லாத நேரம் கை எதில் போகும் என்று சொல்ல முடியாது.

பஸ்ஸில்

பேதி கொடுத்த மறுநாள் பயணம் வேண்டாம். களுவாஞ்சிகுடிக்கும் கல்லாற்றுக்கும் நடுவில் வயிறு கலக்கினால் றைவர் என்ன செய்வான், பாவம்.

காசு இருந்தால் வேன் பிடியுங்கள், சீற்றைச் சாய்த்துக்கொண்டு வரலாம். பஸ் என்றால் காலை பஸ். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெயில் ஏறிய பிறகு ஜன்னலைத் திறந்தாலும் அனல்தான். பின் சில்லுக்கு மேலும் அதற்குப் பின்னாலும் இருக்காதீர்கள். ஒவ்வொரு பள்ளமும் நாரியில் வந்து ஏறும். கடைசி நீள சீற் அதைவிட மோசம். இரண்டு சில்லுக்கும் நடுவிலுள்ள வரிசையில், காலை நீட்டக்கூடிய நடைபாதைப் பக்கமாக இருங்கள். ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வருத்தமான காலை முதலில் இறக்குங்கள். "தம்பி, நாரி வருத்தம், இறங்கேக்க கொஞ்சம் ஆறுதலா நிப்பாட்டுங்க" என்று ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னவர்களை நாங்கள் ஞாபகம் வைத்திருப்போம். இறங்கும் இடம் வந்த பிறகு கத்தினால், பாட்டுச் சத்தத்தில் றைவருக்கு ஒன்றும் விளங்காது.

காத்தான்குடியில் பேரீச்ச மரங்கள் நிற்கும் வீதியில் பஸ் ஊர்ந்துதான் போகும். அந்த நேரம் காலை நீட்டி மடக்குங்கள். கல்முனையில் பஸ் தரித்தால் இறங்கி நாலு எட்டு நடவுங்கள். வடை, கடலை, அன்னாசி எல்லாம் கண் முன்னே வரும். சுடுதண்ணிப் போத்தல் ஒன்று கையில் இருந்தால் வாய்க்கு ஒரு வேலை கிடைக்கும்.

கஷாயம்

எட்டுக் கோப்பை தண்ணீரை ஒன்றாக வற்றக் காய்ச்சச் சொல்வார்கள். ஒன்றாகிவிட்டதா என்று பார்க்க அடிக்கடி ஊற்றி அளந்து கையைச் சுட வேண்டாம். மண்சட்டியில் முதலில் ஒரு கோப்பை தண்ணீரை மட்டும் ஊற்றி, ஓர் ஈர்க்கை நேராக நிறுத்துங்கள். ஈரம் பட்ட இடத்தில் நகத்தால் ஒரு வெட்டு. பிறகு மற்ற ஏழு கோப்பையும் மருந்துச் சரக்கும் போட்டு மெல்லிய நெருப்பில் வையுங்கள். மூடி வேண்டாம். தண்ணீர் அந்த வெட்டுக்குக் கிட்ட வந்ததும் இறக்கி வடிக்கலாம். சரக்கு ஊறி நிற்பதால் துணியில் கட்டிப் பிழிந்தால்தான் கோப்பை நிறையும். எரியும் நெருப்பில் அவசரப்படுத்தினால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், சாரம் இறங்காது. அலுமினியச் சட்டி கூடாது. நேற்றுக் காய்ச்சியதை இன்றைக்குச் சூடாக்கிக் குடிக்கவும் கூடாது.

வீட்டு ஆட்கள்

வைத்தியம் கெடுவது பாசத்தால்தான், நான் பார்த்தவரை. வாட்டில் மெலிந்து வந்திருக்கிறார் என்று மாமிமார் நண்டுக் குழம்போடு வருவார்கள். பத்தியம் என்றால் "கொஞ்சம்தானே" என்பார்கள். மட்டக்களப்பு எருமைத் தயிர்ச் சட்டி வேறு மேசையில் வந்து இருக்கும். இவர்களோடு வாதாட வேண்டாம். வரப்போகிறோம் என்று கோல் எடுக்கும்போதே, "வாறதென்றால் முருங்கையிலையும் வல்லாரையும் கொண்டு வாங்க" என்று சொல்லிவிடுங்கள். கையில் ஏதாவது கொண்டுவர வேண்டும் என்ற அவர்களின் ஆசையும் தீரும், உங்கள் சட்டிக்கும் ஆகும். பிஸ்கட்டும் ஹோர்லிக்ஸும் பிள்ளைகளுக்கு.

சமைக்கிறவருக்கும் ஒரு வழி விடுங்கள். கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி சேர்த்து அரைத்த சரக்குக் கறி வீட்டில் எல்லோருக்கும் ஒத்துவரும். அதையே எல்லோருக்கும் வைத்து, மற்றவர்களுக்கு ஒரு சம்பல் இடித்தால் இரண்டு சமையல் தேவையில்லை. என் மனைவி இந்த ஏற்பாட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் பத்தியம் சண்டையில்லாமல் ஓடியது.

கிணற்றடிதான் அடுத்த ஆபத்து. எண்ணெய் பூசி, சொன்ன நேரம் ஊறவிட்டு, இளஞ்சூட்டில் குளியுங்கள். குனிந்து வாளி இழுப்பது நாரிக்காரருக்கு ஆகாது. வேறு ஆள் அள்ளி வாளியில் நிரப்பட்டும், நீங்கள் ஸ்டூலில் இருந்து கோப்பையால் வார்த்துக் கொள்ளுங்கள். அப்புறம் பகல் நித்திரை வேண்டாம். இரவில் பாயில் படுப்பவர்கள் நேரே எழும்பாமல், ஒரு பக்கம் கிறுகி, முழங்காலை மடக்கி, கையை ஊன்றி எழும்பட்டும். தைலம் பட்ட விரிப்பு திரும்ப வெளுக்காது, பழைய சாரத்தை விரியுங்கள்.

ஆடி மாதம் வந்தால் ஒரு கேள்வி வரும்: உகந்தையால் கதிர்காமத்துக்கு நடந்து போகலாமா? வாட்டால் வந்த கையோடு குமண காட்டுக்குள் பாரம் தூக்கி நடப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பஸ்ஸிலும் முருகனிடம் போகலாம்.

சிறுநீர் அடங்காமல் போனால் அல்லது போகாமலே நின்றால், மலவாசலைச் சுற்றிக் குந்தும் பகுதி மரத்தால், கால் திடீரென்று பலம் இழந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். கல்முனையோ அக்கரைப்பற்றோ மட்டக்களப்போ, கிட்டவுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். மலம் கறுத்தாலும் பேதி நிற்காமல் போனாலும் அப்படித்தான்.

மற்றபடி, கிளினிக் நாளன்று கொப்பியோடு கழுவிக் காயவைத்த வெறும் போத்தல்களையும் அவற்றின் மூடிகளையும் கொண்டு போங்கள். அங்கே மருந்து இருக்கும், போத்தல் இராது. ஈரம் நின்ற போத்தலில் வாங்கினால் எண்ணெய் கெட்டுப்போகும்.