யோருபா இரட்டையர்: தைவோவை மூத்தவர் என்று எழுதிவிடாதீர்கள்

நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யோருபா மக்களிடையே இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் பெயர் தேடி யாரும் அலைவதில்லை. முதலில் வெளியே வருவது தைவோ, அடுத்து வருவது கெஹிந்தே. ஆணோ பெண்ணோ, பெயர் ஒன்றுதான். இதைக் கேள்விப்பட்டவுடன் நாம் போடும் கணக்கு, "அப்படியானால் தைவோதான் மூத்தவர்" என்பது. யோருபா இரட்டையரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குகிற இடமும் இதுவே.

மரபுப்படி மூத்தவர் கெஹிந்தே. "வெளியே போய் உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்" என்று தைவோவை அனுப்பிவைத்தவர் அவர். தைவோ வெளியே வந்து வீறிட்டு அழுவதுதான் 'வரலாம்' என்ற சேதி. அதைக் கேட்ட பிறகே கெஹிந்தே நிதானமாக வருகிறார். வேலை ஏவுவது பெரியவர், ஏவியவுடன் ஓடுவது சின்னவர் என்ற குடும்ப ஒழுங்கு கருவறைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. தைவோ என்ற பெயருக்கே 'உலகைச் சுவைத்துப் பார்த்தவர்' என்று பொருள். கெஹிந்தே என்றால் 'பின்னால் வந்தவர்'.

இவற்றைப் பெற்றோர் விரும்பி வைத்த பெயர்கள் என்று சொல்வதும் பிழை. குழந்தை மேலுலகிலிருந்தே கொண்டுவந்த பெயர் என்று ஒரு தனி வகையே யோருபா மொழியில் உண்டு. பிறந்த விதமே அந்தப் பெயரைத் தீர்மானித்துவிடும். இரட்டையருக்குப் பின் பிறக்கும் குழந்தை இதோவு, அதற்கும் அடுத்தது அலபா. 2018-ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட ஒபாமாவின் உருவப்படத்தை வரைந்த அமெரிக்க ஓவியர் கெஹிந்தே வைலியின் பெயரைக் கேட்டதுமே, அவருடன் பிறந்த இன்னொருவர் இருக்க வேண்டும் என்று ஒரு யோருபாவுக்குப் புரிந்துவிடும். அது உண்மையும்கூட.

அடுத்த தவறு, "ஆப்பிரிக்காவில் இரட்டையரை..." என்று வாக்கியத்தைத் தொடங்குவது. எந்த ஆப்பிரிக்காவில்? தென் சூடானின் நுவேர் மக்கள் இரட்டையரைப் பறவைகள் என்பார்கள். நைஜீரியாவுக்குள்ளேயே, தென்கிழக்கே கலபார் வட்டாரத்தில், இரட்டையரில் ஒன்று தீய ஆவிக்குப் பிறந்தது என்று அஞ்சி, குழந்தைகளைக் கொன்று தாயையும் ஒதுக்கிவைத்த காலம் இருந்தது. 1876-இல் அங்கே போன ஸ்காட்லாந்துப் பாதிரிமார் சங்க ஊழியர் மேரி ஸ்லெசர் அந்த வழக்கத்தை எதிர்த்து, கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். அந்த வரலாற்றைத் தூக்கி யோருபாக்களின் தலையில் வைத்துவிடக் கூடாது. யோருபாக்களிடமும் வெகு காலத்துக்கு முன் அத்தகைய அச்சம் இருந்ததாக அவர்களுடைய வாய்மொழிக் கதைகளே சொல்கின்றன. ஆனால் பிற்காலத்தில் இரட்டையர் அங்கே வீட்டுக்குச் செல்வம் கொண்டுவருபவர்கள் ஆனார்கள். கோபப்படுத்தினால் கெடுதியும் செய்யக்கூடியவர்கள். பாசமும் பயமும் ஒன்றாகக் கலந்த மரியாதை இது. 'கொண்டாடுகிறார்கள்' என்ற ஒற்றைச் சொல் இதற்குப் போதாது.

எல்லாவற்றையும்விட அதிகம் தவறாகச் சொல்லப்படுவது மரச் சிற்பங்களைப் பற்றித்தான். 'ஏரே இபெஜி', அதாவது இரட்டையர் சிலை, என்று பெயர். அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்கள் பொம்மை என்கிறார்கள், இல்லாவிட்டால் பில்லிசூனியம் என்கிறார்கள். இரண்டும் அநியாயம். இரட்டையர் ஓர் உயிரைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் என்பது நம்பிக்கை. ஒருவர் இறந்தால் அந்தப் பங்கு தங்க இடமில்லாமல் அலையும், உயிரோடிருப்பவரையும் இழுத்துக்கொள்ளும். அதனால் குறி சொல்பவரைக் கேட்டு, தச்சரிடம் சொல்லி, ஒரு சாண் அல்லது சற்று அதிக உயரத்தில் சிற்பம் செதுக்குவார்கள். இறந்தது கைக்குழந்தையாக இருந்தாலும் சிற்பம் வளர்ந்த மனிதராகவே இருக்கும்: முதிர்ந்த உடல், நுட்பமான கொண்டை, முகத்தில் குலத் தழும்புகள். இதைப் பார்த்துவிட்டு 'யாரோ முன்னோரின் சிலை' என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு.

தாய் அதைக் குளிப்பாட்டுவாள், உணவு ஊட்டுவாள், அந்த ஊர் மரமொன்றின் சிவப்புப் பொடியைப் பூசுவாள், தலைக்கு அவுரி நீலம் தடவுவாள், இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு நடப்பாள். பழைய சிற்பங்கள் பலவற்றில் கண்ணும் மூக்கும் தேய்ந்து மழுங்கியிருப்பது இதனால்தான். அதைச் சேதம் என்று குறிப்பது எனக்கு எப்போதும் உறுத்தும். கழுவிக் கழுவித் தேய்ந்த முகம் அது.

இந்த நம்பிக்கைகளைப் 'பழைய மதம்' என்று பெட்டிக்குள் அடைப்பதிலும் கவனம் வேண்டும். இன்று யோருபாக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லது முஸ்லிம்கள். சிற்பம் செதுக்குவது அரிதாகிவிட்டது. ஆகவே மேலே சொன்ன சடங்குகளை இன்றைக்கும் எல்லா வீட்டிலும் நடப்பதாக எழுதுவது தவறு. ஆனால் கோடு அவ்வளவு நேராகவும் இல்லை. மார்பில் முக்கோண இஸ்லாமியத் தாயத்து செதுக்கப்பட்ட இபெஜிகள் உண்டு. அடிமைகளாக அட்லாண்டிக் கடந்தவர்களோடு போன இபெஜி வழிபாடு, பிரேசிலில் இரட்டையரான கிறிஸ்தவப் புனிதர்கள் காஸ்மஸ், தமியான் ஆகியோரோடு கலந்து, செப்டம்பர் 27 அன்று குழந்தைகளுக்கு விருந்து வைக்கும் விழாவாக இருக்கிறது.

கிழங்குக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒயோ மாநிலத்தின் இக்போ-ஓரா ஊரில் இரட்டையர் ஏராளம். வள்ளிக்கிழங்கும் (சர்க்கரைவள்ளி இல்லை, வேறு இனம்) வெண்டை இலைக் குழம்பும்தான் காரணம் என்று ஊரார் சொல்வார்கள். அது நிரூபிக்கப்படவில்லை. யோருபாக்களிடம் இரட்டைப் பிறப்பு உலகிலேயே மிக அதிகம் என்பது உண்மை: கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுத்த கணக்குகளில் 1,000 பிரசவத்துக்கு 40-க்கும் மேல். ஆனால் ஒரே கருவிலிருந்து பிரியும் இரட்டையர் எங்கும் போல அங்கும் 1,000-க்குச் சுமார் 4 தான். மிகுதியெல்லாம் இரண்டு முட்டைகளிலிருந்து வந்தவர்கள். ஆகவே யோருபா இரட்டையர் எல்லோரும் அச்சில் வார்த்தது போல இருப்பார்கள் என்று எண்ண வேண்டாம்.

அப்படி அச்சில் வார்த்தது போல இருவர் அமர்ந்திருக்கும் பழைய ஸ்டுடியோப் படம் கண்ணில் பட்டாலும் 'யோருபா இரட்டையர்' என்று உடனே குறிப்பு எழுதிவிடாதீர்கள். சேர்ந்து படம் எடுக்கும் முன்பே ஒரு குழந்தை இறந்திருந்தால், புகைப்படக்காரர் மற்றக் குழந்தையை எடுத்து, அதே உருவத்தை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்ததுண்டு. இறந்தது கூடப் பிறந்த பெண்ணாக இருந்தால், பையனுக்கே ஒருமுறை அவளுடைய உடையை உடுத்தி எடுத்ததும் உண்டு.