எலியின் ஈரலில் கி-67: வெட்டுவதிலிருந்து எண்ணுவது வரை

ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் எலி பிழைத்துக்கொள்ளும். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் மிச்ச ஈரல் வளர்ந்து கிட்டத்தட்ட பழைய எடைக்கு வந்துவிடும். 1931இல் ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் விவரித்த இந்த அறுவை முறைதான் ஈரல் மீள்வளர்ச்சி ஆய்வுக்கு இன்றும் அடித்தளம். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பட்டமேற்படிப்புக்காக இதைத் தொடப்போகிறவர்களுக்கு, ஈரலில் பிரிந்துகொண்டிருக்கும் செல்களைச் சாயமேற்றி எண்ணும் செய்முறை இது. விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் வந்த பிறகே கத்தியை எடுங்கள்.

எந்தக் குறியீடு?

தொடக்கத்துக்கு கி-67 போதும். பிரிதல் சுழற்சியில் இருக்கும் செல்லின் உட்கருவில் இந்தப் புரதம் இருக்கும், ஓய்விலிருக்கும் செல்லில் இருக்காது. (பெயர் வந்த கதை: ஜெர்மனியின் கீல் நகரம், சோதனைத் தட்டின் 67ஆம் குழி, 1983.) பிசிஎன்ஏ என்ற இன்னொரு புரதக் குறியீடு மலிவாகக் கிடைக்கும், ஆனால் டிஎன்ஏ பழுதுபார்ப்பிலும் அதற்கு வேலை உண்டு. நச்சு கொடுத்துக் காயப்படுத்திய ஈரலில் அது காட்டுவது வளர்ச்சியா, பழுதுபார்ப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிஆர்டியூ என்ற வேதிப்பொருள் டிஎன்ஏ நகலெடுக்கும் கட்டத்தை மட்டும் துல்லியமாகப் பிடிக்கும். ஆனால் விலங்கு உயிரோடு இருக்கும்போதே ஊசி போட வேண்டும். மெழுகில் பதித்து வைத்த பழைய திசுக் கட்டிகளை வைத்து வேலை செய்பவருக்கு அந்த வழி அடைபட்டது.

எந்த மணி நேரம்?

பலர் சறுக்குவது இங்கேதான். எலியின் ஈரல் செல்களில் டிஎன்ஏ உருவாக்கம் அறுவைக்குப் பின் சுமார் 24 மணி நேரத்தில் உச்சம் தொடும். சுண்டெலியில் அது 36 முதல் 48 மணி வரை தள்ளிப்போகும். எலிக்கான நேரக்கணக்கில் சுண்டெலியின் ஈரலை எடுத்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்று ஆண்டிபாடியை (கி-67ஐத் தேடி ஒட்டும் புரதத்தை) குறை சொல்லக் கூடாது. வயிற்றைத் திறந்து, ஈரலை வெட்டாமல் மூடிய ஒப்பீட்டு விலங்குகளும் அதே மணி நேரங்களில் வேண்டும்.

பதப்படுத்துதல்

துண்டு 3–4 மி.மீ. தடிப்புக்கு மேல் போகக் கூடாது. திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு அளவு 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலினில் 24 மணி நேரம் ஊறவிட்டு, 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்றி, பிறகு மெழுகில் பதியுங்கள். தீபாவளி விடுமுறைக்கு முன்னால் ஃபார்மலினில் போட்டுவிட்டு ஊருக்குப் போய் வந்தால், சாயம் மங்கலாகத்தான் வரும். அதே பெட்டியில் அதே விலங்கின் சிறுகுடல் துண்டு ஒன்றையும் வையுங்கள். குடல் பள்ளங்களில் செல்கள் எப்போதும் பிரிந்துகொண்டே இருக்கும். கி-67 இருக்கும் உட்கருவைக் காட்டும் பழுப்புச் சாயம் அங்கே வராவிட்டால் ஈரலில் வராததற்கு எந்தப் பொருளும் இல்லை.

சீவுதல்

3–4 மைக்ரான். நம் ஊர் வெக்கையில் மெழுகு இளகிச் சீவல் சுருங்கும், மெழுகுக் கட்டியை ஐஸ் மேல் வைத்து வைத்துச் சீவுங்கள். பூச்சிட்ட சிலைடுகளையே பயன்படுத்துங்கள்.

சாயமேற்றுதல்

1. சைலீனில் 5 நிமிடம் மூன்று முறை, பிறகு இறங்குவரிசை ஆல்கஹால், தண்ணீர்.

2. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.94 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட், பிஎச் 6.0. இதில் 95–98 டிகிரியில் 20 நிமிடம். இட்லி அவிப்பது போல ஆவியில் வைப்பதே நல்லது, கொதித்துத் துள்ளினால் சீவல் பிய்ந்து மிதக்கும். பின் அதே கரைசலில் 20 நிமிடம் ஆறவிடுங்கள்.

3. ஹைட்ரஜன் பெராக்சைடு 3 விழுக்காடு, 10 நிமிடம். ஈரலில் இயற்கையாகவே பெராக்சிடேஸ் என்ற நொதி உண்டு, இதைத் தாண்டிக் குதித்தால் சிலைடு முழுக்கப் பழுப்பேறும்.

4. ஆட்டுச் சீரம் 5 விழுக்காடு, 30 நிமிடம்.

5. கி-67க்கான எஸ்பி6 முயல் ஆண்டிபாடி, 1:200 நீர்த்தலில் தொடங்கி நீங்களே சரிபாருங்கள். இரவு முழுதும் 4 டிகிரி, ஈரப்பெட்டிக்குள். ஏர்கோன் காற்று பட்டு ஓரம் காய்ந்தால் ஓரம் மட்டும் கருக்கும். மனிதத் திசுவுக்குப் பேர்போன மிப்-1 ஆண்டிபாடியை இங்கே வாங்கிவிடாதீர்கள்.

6. பாலிமர் வகை இரண்டாம் ஆண்டிபாடி, 30 நிமிடம். ஈரலில் பயோட்டின் மிகுதி, அதனால் அவிடின்–பயோட்டின் தொகுப்பு பொய்ப் பழுப்பைத் தரும்.

7. பழுப்பு நிறம் தரும் டிஏபி, 1–5 நிமிடம், நுண்ணோக்கியில் பார்த்தபடியே. எல்லா சிலைடுக்கும் ஒரே நேரம். கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் ரசாயனக் கழிவுக் கலனில் சேருங்கள்.

8. உட்கருவுக்கு நீலம் தரும் ஹீமாடாக்ஸிலின், 30 நொடி. நீலம் தூக்கலானால் வெளிறிய பழுப்பு அடியில் மறைந்துபோகும்.

முதல் ஆண்டிபாடி விடாத ஒரு சிலைடும் கூடவே ஓடட்டும். அதிலும் பழுப்பு தெரிந்தால், பெரும்பாலும் லிப்போஃபுசின் என்ற வயது நிறமி அல்லது இரும்பு நிறமி. வயதான விலங்கில் இது சகஜம்.

எண்ணுதல்

400 மடங்கில், விலங்குக்கு 1,000 ஈரல் செல்களாவது. உட்கரு பழுப்பாக இருந்தால்தான் கணக்கு. ஈரல் செல்லின் உட்கரு பெரியது, உருண்டை, சுற்றிலும் பல கோணச் சைட்டோபிளாசம். சைனுசாய்டு என்ற நுண் இரத்தக்குழாயின் ஓரமாக ஒட்டிக்கிடக்கும் சின்ன, நீள உட்கருக்கள் கூப்ஃபர் செல்கள் (ஈரலின் விழுங்கணுக்கள்), இரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்கள். காயப்பட்ட ஈரலில் வெள்ளணுக்களும் புகுந்திருக்கும். இவற்றையெல்லாம் சேர்த்து எண்ணிவிட்டு ஈரல் வளர்கிறது என்று எழுதினால், நீங்கள் அளந்தது அழற்சியை. இரட்டை உட்கரு உள்ள செல்லை ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா என்பதை முதல் சிலைடுக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். எந்தக் குழுவின் சிலைடு என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது.

ஆயிரத்தில் 180 என்றால் 18 விழுக்காடு. ஐந்து எலி, எலிக்குப் பத்து நுண்ணோக்கிப் புலம் என்றால் மாதிரி எண்ணிக்கை ஐந்துதான், ஐம்பது அல்ல. காயமில்லாத முதிர்ந்த ஈரலில் பொதுவாக ஒரு விழுக்காடுகூடத் தேறாது. ஒப்பீட்டு விலங்கில் பத்து விழுக்காடு வந்தால் சாயத்தைச் சந்தேகியுங்கள்.

புற்றுக்கட்டியில் கணக்கு வேறு: ஒரே புற்றுக்கட்டியிலேயே ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெறிச்சென்றும் இருக்கும். அடர்ந்த இடத்தை எண்ணினீர்களா, சராசரி எடுத்தீர்களா என்று எழுதாத எண்ணை யாரும் ஒப்பிட முடியாது.

இன்னொன்று: ஈரல் செல் சுழற்சிக்குள் நுழைந்தும் இரண்டாகப் பிரியாமல், டிஎன்ஏவை மட்டும் இரட்டித்துக்கொண்டு நின்றுவிடுவதுண்டு. கி-67க்கு இந்த வேறுபாடு தெரியாது. செல் மைட்டோசிஸ் (உட்கரு பிரியும் கட்டம்) வரை போனதா என்று காட்ட, அடுத்த சீவலில் பாஸ்போ-ஹிஸ்டோன் எச்3 என்ற குறியீட்டுக்குச் சாயமேற்றுங்கள்.