அல்வாப் பெட்டி ஸ்பீக்கர்: கரகரப்பைப் போக்கிய விதம்

அல்வா அட்டைப் பெட்டியின் மூடியையே அதிரவைத்து ஒலிக்கும் ஸ்பீக்கர் ஒன்று செய்தேன். அதற்குக் கம்பி வேண்டும்; திருநெல்வேலிப் பக்கம் பம்புசெட் மோட்டார் வைண்டிங் கடைக்குப் பஞ்சமில்லை. அங்கே 36 கேஜ் (தடிமன் எண்) இனாமல் பூசிய செம்புக் கம்பி கேளுங்கள். 8 மீட்டர் போதும். எடை சுமார் 2 கிராம்தான்.

20 மி.மீ. நியோடிமியம் (சக்திமிக்க) வட்டக் காந்தம் இரண்டை அடுக்கி, அவற்றின் மேல் உரசாமல் நுழையும்படி 22 மி.மீ. உள்விட்டத்தில் காகிதக் குழல் செய்து, அதன்மேல் கம்பியை அடுக்குக்கு 50 சுற்றாக இரண்டு அடுக்கு சுற்றினேன்; இதுதான் சுருள். இரண்டாம் அடுக்கையும் அதே திசையில்தான் சுற்ற வேண்டும். திசை மாறினால் ஒன்றையொன்று அழித்துவிடும். கம்பி முனையில் மின்சாரத்தைத் தடுக்கும் இனாமல் பூச்சைச் சுரண்டி மல்டிமீட்டரில் மின்தடை பார்த்தால் சுமார் 4 ஓம் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் இனாமல் முழுசாகப் போகவில்லை.

குழலை அல்வாப் பெட்டி மூடியின் நடுவில் ஒட்டுங்கள். நெய் பட்ட அட்டையில் பசை பிடிக்காது, புதுப் பெட்டியே நல்லது.

கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் சுருள் காந்தத்தில் உரசுவதே. ஒட்டும்போது காந்தத்தைச் சுற்றி 1 மி.மீ. தடிப்புக்கு அட்டைப் பட்டை செருகி, பசை காய்ந்தபின் உருவினேன், உரசல் நின்றது. சுருளின் நடுப்பகுதி காந்தத்தின் மேல்விளிம்புக்கு நேராக நிற்கட்டும், சத்தம் அங்கேதான் அதிகம்.

போனில் நேரடியாகச் செருகாதீர்கள். பி.ஏ.எம். 8403 என்ற ஒலிபெருக்கும் ஐ.சி. (சில்லு) உள்ள ஆம்ப்ளிஃபயர் பலகை, 5 வோல்ட் சார்ஜர் போதும். அதன் ஸ்பீக்கர் மைனஸ் முனையைக் கிரவுண்டோடு (மின்சப்ளையின் மைனஸோடு) சேர்க்கவே கூடாது, ஐ.சி. கெட்டுப்போகலாம்.